ஒத்துப்போன பதில்

ஆய்வுக்காரர்கள் முதல்முறை வந்தபோது அந்த வீட்டுப் பெண் டீ போட்டுக் கொடுத்தாள். புருஷனை முன்னறையிலும் அவளைச் சமையலறையிலும் வைத்துத் தனித்தனியாகக் கேட்டார்கள்.

“பால்வினை நோய் ஏதாவது வந்திருக்கா?”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “எனக்கா? ஐயய்யோ, இல்லைங்க.”

புருஷனும் இல்லை என்றான்.

ஆறு மாதம் கழித்து மறுபடி போய் அதே கேள்விகளைக் கேட்டார்கள். ஒரே ஆளின் இரண்டு பதிலும் ஒத்துப்போனால் ‘நம்பகமானவர்’ என்று முத்திரை. முரண்பட்டால் படிவம் குப்பைக்கு. ஒத்துப்பார்ப்பது அலுவலகத்துக் குமாஸ்தா பெண்ணின் வேலை.

“அன்னைக்கும் இல்லை, இன்னைக்கும் இல்லை. தங்கமான மனுஷன், குத்தும்மா!” என்றார் மேலாளர்.

குத்தினாள். அதே வீட்டு மனைவியின் படிவத்தை அடுத்து எடுத்து வைத்தாள்.

“பொண்டாட்டி மட்டும் இப்ப ஆமாங்குது? வாய்க்கு வந்ததை உளறியிருக்கு. கிழிச்சுப் போடு.”

“அவதான் சார் உண்மையைச் சொன்னா. ஆஸ்பத்திரியில படுத்தப்புறம்தான் அவளுக்கே தெரிஞ்சுது. அந்த ஆள் தனக்கு மட்டும் ரகசியமா வைத்தியம் பார்த்துக்கிட்டு, அவகிட்ட மூச்சு விடலை. கர்ப்பப்பையெல்லாம் சீழ்.”

“படிவத்துல அதெல்லாம் இல்லையே. சரி, போன் போட்டுக் கேளு.”

“போன மாசம் செத்துட்டா சார்.”

“உனக்கெப்படித் தெரியும்?”

“என் அக்கா சார். காலையில மச்சான் போன் பண்ணி, ‘உங்கக்காவுக்கு எங்கேருந்து வந்துச்சோ’ன்னு என்கிட்டயே கேக்கறார்.”

மேலாளரின் குரல் தாழ்ந்தது. “விதி அப்படிம்மா” என்று அக்காவின் படிவத்தை அவரே கிழித்தார்.

காலையில் வந்த அந்த எண், அவள் போனில் இன்னமும் ‘அக்கா வீடு’ என்றுதான் இருக்கிறது.