பலகைக்குக் கனம்

மருதாயி கஞ்சிக் கலயத்தோடு வரப்பில் ஏறியபோது, அவள் புருஷன் இருளாண்டி டிராக்டரோடுதான் போய்க்கொண்டிருந்தான். சீட்டில் அல்ல. பின்னால் சங்கிலி போட்டு இழுத்த பரம்புப் பலகையில் நின்றுகொண்டு.

சீட்டில் திருக்கோகர்ணத்து நாகராசு உட்கார்ந்திருந்தான். லாரி ஓட்டிய ஆள். வாயில் பீடி, காலில் செருப்பு. சேற்றில் கால் வைக்காமலே விவசாயம் பார்க்க வந்தவன்.

அந்தச் சீட்டு இருளாண்டிக்கு என்றுதான் பேச்சு. பண்ணையார் ஆத்மநாதன் களத்துமேட்டில் நாலு பேருக்கு முன்னால் சொன்ன பேச்சு.

"மாட்ட வித்துப்புட்டு வாடா. இனிமே நீதான் இத ஓட்டப்போற."

விற்றுவிடு, விற்றுவிடு என்று ராப்பகலாக நச்சரித்தவள் மருதாயி. டிரைவர் பெண்டாட்டி என்று கந்தர்வக்கோட்டைச் சந்தையில் நாலு பேர் சொல்ல மாட்டார்களா என்று அவளுக்கு நப்பாசை. கொஞ்சநஞ்ச ஆசை இல்லை, ரொம்பவே இருந்தது.

உழவு மாடு இரண்டும் ஆவூர்ப் பக்கம் போய்ச் சேர்ந்தன. டிராக்டர் ஊருக்குள் வந்தது.

சின்ன டிராக்டர்தான். வைக்கோல் போருக்குப் பக்கத்தில் நிறுத்தினால் கன்றுக்குட்டி மாதிரி இருக்கும். ஆனால் வாய் பெரிது. வந்த நாளிலிருந்து ஏதாவது ஒன்று கேட்டுக்கொண்டே இருந்தது.

வெயிலுக்கு மறைப்பு வேண்டும் என்றார் பண்ணையார். இருளாண்டி தன் மாட்டு வண்டியின் கூண்டைப் பிரித்துக்கொண்டு போய்க் கட்டினான்.

சீட்டு சுடுகிறது என்றார். வண்டியில் போட்டிருந்த வைக்கோல் மெத்தை போயிற்று.

ஹாரன் அடிக்கவில்லை, ஆடு குறுக்கே வருகிறது என்றார். விற்ற மயிலைக்காளையின் கழுத்திலிருந்து கழற்றி வைத்திருந்த சலங்கை டிராக்டர் மூக்கில் ஏறியது.

பண்ணையார் எதைக் கேட்டாலும் "நம்ம வீட்டுல இருக்குங்கய்யா" என்று சொல்லிவிட்டுத்தான் அவன் யோசிப்பான். சில நாள் யோசிப்பதும் கிடையாது. நாளைக்கு நாம் ஓட்டப்போகிற வண்டிதானே என்று நினைத்தான், பாவி.

அதற்கெல்லாம் பிறகுதான், ஓட்டுவதற்கு லைசென்ஸ் என்று ஒன்று வேண்டும் என்பது பண்ணையாருக்கு ஞாபகம் வந்தது.

இப்போது நடவுக்கு முன்னால் வயலைச் சமப்படுத்துகிற வேலை. மாடு இழுத்தவரை பரம்புப் பலகை சொன்னபடி கேட்டது. டிராக்டர் வேகத்துக்கு அது சேற்றில் படியவில்லை, துள்ளித் துள்ளி விழுந்தது. கனம் பத்தவில்லை என்றான் நாகராசு. ஏறி நில் என்றார் பண்ணையார். இருளாண்டி ஏறி நின்றான்.

அதுதான் இப்போது அவன் உத்தியோகம். அந்தப் பண்ணையில் அவனுக்கென்று மிஞ்சிய இடம் அந்த ஒரு பலகை. அதுவும் போனால் முந்திரிக்காட்டில் சுள்ளி பொறுக்க வேண்டியதுதான்.

டிராக்டர் ஒரு சுற்றுச் சுற்றி வரப்போரம் வந்து நின்றது. சலங்கை இன்னும் கொஞ்ச நேரம் ஆடி அடங்கியது.

தலையிலிருந்து கால்வரை சேறு அப்பிய உருவம் ஒன்று மருதாயியைப் பார்த்துச் சிரித்தது. பல்லை வைத்துத்தான் புருஷன் என்று கண்டுகொண்டாள். மாட்டுக்குப் பின்னால் நின்றபோதும் இதே சேறுதான், இதே மாதிரிப் பலகைதான். அப்போது கயிறு அவன் கையில் இருந்தது.

பண்ணையார் குடையோடு வரப்பில் வந்தார். நாகராசு சீட்டை விட்டு இறங்காமலே குறை சொன்னான்.

"அங்கிட்டுத் திருப்பயில ஆளு விழுந்து தொலைச்சா யாருங்க பதில் சொல்றது? பயந்து பயந்து ஓட்ட வேண்டியிருக்கு."

பண்ணையார் வயலைப் பார்த்தார். பலகையைப் பார்த்தார். பலகை மேல் நின்றவனை அவர் பார்த்ததாகத் தெரியவில்லை.

"நல்ல கனமா ஒரு கல்லு கெடைச்சா வச்சுக் கட்டிப்புடலாம். ஆளே வேணாம்."

மருதாயிக்கு ஓடிப்போய்ப் புருஷன் வாயைப் பொத்த வேண்டும் போலிருந்தது. கையில் கலயம். நடுவில் முழங்கால் சேறு.

"நம்ம வீட்டுல இருக்குங்கய்யா!" என்றான் இருளாண்டி. "மாட்டுக்குத் தண்ணி காட்டுற கல்தொட்டி. சும்மாதான் கெடக்கு."

சும்மா கிடக்கவில்லை. கல்யாணத்தன்று ஒரு கன்றுக்குட்டியோடு சேர்த்து மருதாயியின் பிறந்த வீட்டில் வண்டியேற்றி அனுப்பிய தொட்டி அது. மாடு போன பிறகும் அரிசி கழுவிய தண்ணீரை அவள் அதில்தான் ஊற்றுகிறாள். வேண்டாம் என்று நினைத்தாலும் கை அங்கேதான் போகிறது. இன்று காலையிலும் ஊற்றிவிட்டுத்தான் வந்திருந்தாள்.

"தொட்டியில தண்ணி கெடக்கு" என்றாள்.

"கவுத்தாப் போச்சு" என்றான் அவன்.

பண்ணையார் முகம் மலர்ந்துவிட்டது. "நாலு ஆளு கனம் இருக்குமேடா அது!"

"இருக்குங்கய்யா, இருக்கும்!" இருளாண்டிக்குப் பெருமை தாங்கவில்லை. பலகையிலிருந்து சேற்றில் குதித்தான். தொட்டியை எங்கே வைத்துக் கட்டினால் பலகை சாயாது என்று குனிந்து கையால் தொட்டுக் காட்டினான்.

பலகை முழுக்கச் சேறு. அவன் கால் ஊன்றி நின்ற இரண்டு இடம் மட்டும் சுத்தமாக இருந்தது. அந்த இடத்தைத்தான் காட்டினான்.