ஒற்றை வெள்ளை முடி

"அப்போ பொருந்துதுன்னு சொல்லுங்க மேடம்!" இன்ஸ்பெக்டர் போனில் துள்ளினார்.

"அச்சு அசலா பொருந்துது சார். செத்தவர் சட்டையில நீங்க எடுத்த வெள்ளை முடியும், நீங்க அனுப்பின பூனை எச்சிலும் ஒரே டி.என்.ஏ.தான்," என்றார் ஆய்வகத்து அம்மா.

மூன்று நாளாக லாக்கப்பில் இருந்த தையல்காரரை இன்ஸ்பெக்டர் வெற்றியோடு பார்த்தார். கொலை நடந்த தெருவில் வெள்ளைப் பூனை வளர்ப்பவர் அவர் ஒருவர்தான். துப்பறியும் நாவல்களைக் கரைத்துக் குடித்த இன்ஸ்பெக்டர், பத்திரிகைப் பேட்டிக்குத் தலைப்புகூட யோசித்து வைத்திருந்தார்.

"தையல்காரர் பூனைதானே?"

"இல்ல சார், அது பொருந்தலை. விசாரிக்கிறவங்க வீட்டுப் பூனை எச்சிலும் வேணும்னு கேட்டோம். வெறும் சம்பிரதாயம்னு சிரிச்சுக்கிட்டே உங்க பூனை எச்சிலை அனுப்பினீங்களே, அது!"

இன்ஸ்பெக்டர் தன் சட்டைக் கையைப் பார்த்தார். முழுக்க வெள்ளை முடி. சடலத்தின் மேல் குனிந்தபோது ஒன்று உதிர்ந்திருக்கும். மடியில் பூனையைக் கட்டிக்கொண்டு சகுனம் பார்த்த கதை தன் கதைதான் என்று தலையில் அடித்துக்கொண்டார்.

கம்பிக்குப் பின்னாலிருந்து தையல்காரர் தயங்கித் தயங்கிக் கேட்டார்.

"ஐயா, என் பூனை மூணு நாளா பட்டினி. யாரையாவது போய்ப் பார்க்கச் சொல்றீங்களா?"