காணாமல் போன ஐந்து புத்தகங்கள்

"அன்னைக்கே ஏன் வாயத் தொறக்கல வீரம்மா?"

திண்டிவனம் பஸ் ஸ்டாண்டு ஓரமாக வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விற்றுக்கொண்டிருந்த வீரம்மாள் நிமிர்ந்தாள். எதிரே நின்றவரை அடையாளம் காணச் சற்று நேரம் பிடித்தது.

"லைப்ரரி சாரா? விழுப்புரத்துலேர்ந்தா வர்றீங்க? ஐயோ, எப்டி எளைச்சிப் பூட்டீங்க! உக்காருங்க சார்."

அவள் நகர்த்திப் போட்ட ஸ்டூலில் வேங்கடேசன் உட்கார்ந்தார். விழுப்புரத்தில் ஒரு தனியார் நூலகத்தை முப்பது ஆண்டு நடத்தியவர். அங்கே பெருக்கித் துடைத்தவள் வீரம்மாள். ஐந்து புத்தகங்களைத் திருடிவிட்டாள் என்று அத்தனை பேர் எதிரிலும் சொல்லி, அவளை வேலையை விட்டு அனுப்பியவரும் அவர்தான்.

சட்டைப் பையிலிருந்து மடித்த நாளிதழ்த் தாளை எடுத்துப் படித்தார்.

"'கணினி விஞ்ஞானி அன்புச்செல்வி பரிந்துரைக்கும் ஐந்து புத்தகங்கள்.'"

"நம்ம அன்பு படமா! குடுங்க, பாக்கலாம்."

"ஒண்ணுகூடக் கதைப் புத்தகம் இல்ல. எறும்பு, நட்சத்திரம், ரத்த ஓட்டம், ஆழ்கடல், பூஜ்யம் எப்டி வந்துச்சுன்னு ஒண்ணு. காணாமப்போன அதே அஞ்சு, வீரம்மா. பதினாலு வயசுல படிச்சதாம்."

வீரம்மாளின் முகம் மலர்ந்தது.

"அந்த எறும்பு புக்கு! மத்தியானம் நீங்க சாப்புடப் போனதும் அலமாரி பின்னால குந்திக்கினு படிக்கும். எனக்குத்தான் எழுத்து தெரியாதே, அப்புறம் எல்லாத்தையும் சொல்லும். எறும்பு போற வழியெல்லாம் வாசனைய வச்சிட்டுப் போவுதாம். பின்னால வர்றது அதப் புடிச்சிக்கினே போவுதாம். இன்னிக்கும் எறும்பப் பாத்தா தாண்டித்தான் போவேன் சார்."

வேங்கடேசனுக்கும் சிரிப்பு வந்தது. உடனே நின்றுவிட்டது.

"புத்தகமெல்லாம் என்னாச்சு?"

"பாதில வைக்க மனசு வராம எடுத்துக்கினு பூடுச்சி. ஏரிக்கரையில மழை புடிச்சிக்கிச்சி, அஞ்சும் ஊறிப் போச்சி. எங்கிட்டதான் அழுதுக்கினே ஓடியாந்துச்சி."

"அது எடுத்ததுன்னு தெரிஞ்சுமா திருடிப் பட்டத்த நீ சொமந்த?"

"எனக்கு வேல போனது அதனாலன்னு அதுக்குத் தெரியாதுங்க. நானா நின்னுக்கிட்டேன்னுதான் சொன்னேன், இன்னி வரிக்கும் உண்மைய சொல்லல. தெரிஞ்சா படிப்புல மனசு போயிருக்குமா?"

அவர் கைகூப்பினார். கண்ணாடிக்குள் கண்கள் கலங்கியிருந்தன.

"ஒரே ஒரு வார்த்த... 'சின்னப் பொண்ணு எடுத்துடுச்சு சார்'னு சொல்லியிருக்கலாமே வீரம்மா!"

வீரம்மாள் அவசரமாக அந்தக் கைகளைப் பிடித்து இறக்கினாள்.

"எம் பொண்ணா இருந்திருந்தா சொல்லியிருப்பேன் சார், நாலு திட்டு திட்டிட்டு உட்ருப்பீங்க. உங்க பொண்ணாச்சே... பாடப் புக்கத் தவிர வேற எதத் தொட்டாலும் பெல்ட்ட உருவுற ஆளு நீங்க, அதோட படிப்பையே நிறுத்தியிருப்பீங்க!"