சாப்பாட்டுக்குப் பின்

செங்கல் சூளையில் மண் சுமக்கும் கழுதைக்கு ஒரு மாதமாக இருமல். கொக்கு டாக்டர் பதினைந்து மாத்திரை கொடுத்து, "மூணு வேளையும் சாப்பிட்ட பிறகுதான் போடணும். வெறும் வயித்துல போட்டா குடல் வெந்துடும்" என்று மிரட்டி அனுப்பினார்.

ஐந்து நாள் கழித்துக் கழுதை இன்னும் பலமாக இருமிக்கொண்டு வந்தது. பொட்டலத்தில் பத்து மாத்திரை மிச்சம்.

"உடம்பு மேல அக்கறை இருக்கா உனக்கு?" என்று டாக்டர் கத்தினார்.

"நீங்க சொன்னபடிதாங்க ஐயா. சாப்பிட்டதும் ஒண்ணு போட்டுக்குவேன். ஒருநாள்கூடத் தவறல."

டாக்டர் அலகில் ஒட்டியிருந்த மீன் செதிலைத் துடைத்துக்கொண்டார். "அப்ப ஒரு வேளைதான் சாப்பிடுறியா? முதல்லயே சொல்றதுக்கென்ன?"

புரிந்துவிட்டதே என்று கழுதைக்குக் கண் கலங்கியது.

டாக்டர் சீட்டை எழுதி நீட்டினார். "இந்த டானிக்கைக் குடி. நல்லாப் பசியெடுக்கும்."