தண்ணீர் மேல் பழி

"தண்ணியில உப்பு இருக்குன்னே எழுதிடுங்க மேடம். இல்லாட்டியும் இருக்குன்னு எழுதிடுங்க."

வீட்டுப் பக்கம் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திச் சொன்னார் ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர். கொல்லைக் குழாயடியில் குந்தியிருந்த அந்தப் பெண், கையில் கண்ணாடிக் குப்பியோடு அவரை நிமிர்ந்து பார்த்தாள். குடிநீர் அலுவலகத்திலிருந்து தண்ணீரைச் சோதிக்க வந்தவள் அவள். உப்பே இல்லை என்று எழுதச் சொல்லிக் கெஞ்சியவர்களை அவள் பார்த்திருக்கிறாள். வீட்டை விற்கப் போகிறவர்கள் அப்படித்தான் கெஞ்சுவார்கள். நல்ல தண்ணீருக்குக் கெட்ட பெயர் வாங்கித் தரச் சொன்ன முதல் ஆள் இவர்தான்.

குப்பியில் சிவந்திருந்த தண்ணீர், மருந்தை விட ஆரம்பித்த உடனேயே நீலமாகிவிட்டது. உப்புத் தண்ணீராக இருந்தால் சொட்டுச் சொட்டாக விட்டுக் கை ஓய்ந்திருக்கும். உண்மையில் இந்த வீட்டுக்குச் சோதனையே வேண்டியதில்லை. குழாய் வாயில் ஒரு பொட்டு வெள்ளைப் படிவு கிடையாது. பக்கத்து வாளியில் ஊறிய துணியில் சோப்பு நுரை பொங்கி வழிந்துகொண்டிருந்தது.

"மழைத் தண்ணியே தோத்துடும் சார், அப்படி இருக்கு. தினமும் தண்ணி மோசம், தண்ணி மோசம்னு நீங்கதான் சொல்வீங்களாமே? அதைக் கேட்டுத் தெருவே கையெழுத்துப் போட்டு எங்களுக்கு மனு கொடுத்திருக்கு."

அதுதான் வினையாகிவிட்டது என்று பெருமூச்சு விட்டபடி அவர் படிக்கட்டில் உட்கார்ந்தார். பிறகு கல்யாணமான புதிதில் மனைவி போட்டுக் கொடுத்த முதல் டீயைப் பற்றிச் சொன்னார்.

"வாயில வச்சேன். விளக்கெண்ணெய் தேவலை மேடம். நிமிர்ந்து பார்த்தா, கதவுகிட்ட நின்னு என் முகத்தையே பார்த்துக்கிட்டிருக்கா. எனக்கு மனசு கேக்கலை. இதெல்லாம் ஒரு தண்ணியான்னு குழாயைத் திட்டிட்டேன்."

அன்று ஆரம்பித்த திட்டு இன்னும் ஓயவில்லை. வேலை மாற்றலில் ஊர் ஊராகப் போனார்கள். போன ஊர்த் தண்ணீர் எல்லாம் அவர் வாயில் விழுந்து எழுந்தது, டீ மட்டும் மாறவில்லை. இந்தத் தெருவுக்கு வந்த பிறகு, ஜன்னலோரம் உட்கார்ந்து அவர் போடும் கூச்சலைக் கேட்டுக் கேட்டே அக்கம்பக்கத்தாருக்கும் தங்கள் வீட்டுத் தண்ணீர் கசக்க ஆரம்பித்துவிட்டது. வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்ட கதைதான். சாயங்காலம் தெருச் சங்கக் கூட்டத்தில் சோதனை முடிவைப் படிக்கப் போகிறார்கள். அவர் மனைவியும் அங்கே உட்கார்ந்து கேட்பாள்.

"நல்ல தண்ணின்னு எல்லார் முன்னாடியும் படிச்சா, இத்தனை வருஷமும் குத்தம் தன் கையிலதான்னு அவளுக்குத் தெரிஞ்சுபோயிடும். அவ தாங்கமாட்டா மேடம். நானும் தாங்கமாட்டேன்."

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கியது. வந்தவளுக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடித்துப்போனது. ஆனாலும் பொய் எழுத முடியாதே. குப்பிகளைக் கழுவிப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே யோசித்தாள்.

"உப்பு இல்லைன்னுதான் எழுதுவேன் சார். ஆனா, ருசி எங்க சோதனையில வராது. அதையும் ஒரு வரி சேர்த்து எழுதிடுறேன். ருசியை நீங்க தாராளமா திட்டிக்கலாம்."

அவருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அந்த ஒரு வரியை விட்டுவிடாமல் படிக்கச் சொல்லிச் சங்கத் தலைவரிடம் இப்போதே போய்ச் சொல்லிவிடுகிறேன் என்று செருப்பை மாட்டினார். வாசல்வரை போனவர் திரும்பி வந்தார். உள்ளே டீ கொடுப்பாள், மறுக்காமல் குடித்துவிட்டு நல்லாயிருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள் என்றார். இதுவரை வந்த விருந்தாளிகளில் ஒருவர்கூட முகம் சுளித்ததில்லையாம். எல்லாரும் தங்கமான மனிதர்களாம்.

அவர் தெருவில் இறங்கியதும் அவர் மனைவி அவளைச் சமையலறைக்குள் கூப்பிட்டு டம்ளரை நீட்டினார். அவள் கஷாயம் குடிக்கிற குழந்தையைப் போல மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு வாய் குடித்தாள். பிறகு இன்னொரு வாய் குடித்தாள். அப்படி ஒரு டீயை அவள் எந்தக் கடையிலும் குடித்ததில்லை. மரியாதைக்காகத் தயார் செய்து வைத்திருந்த பொய்க்கு வேலையே இல்லாமல் போய்விட்டது.

"தண்ணி நல்ல தண்ணிதானேம்மா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"நல்ல தண்ணிதாம்மா."

அந்த அம்மாளின் முகம் வாடிவிட்டது. "அவரு திட்டுறதுக்கு ஏதாவது மிச்சம் வச்சிருக்கீங்களா?"

ருசியைப் பற்றி ஒரு வரி எழுதப் போவதைச் சொன்ன பிறகுதான் அந்த முகத்தில் ரத்தம் ஓடியது. அப்போதுதான் அவள் அடுப்பைக் கவனித்தாள். பக்கத்தில் இன்னொரு சின்னப் பாத்திரத்தில் ஏதோ ஒன்று கறுத்து, வற்றி, கொதித்துக்கொண்டே இருந்தது. அது யாருக்கு என்று கேட்டாள்.

"அவருக்கு. முதல் நாள் நிஜமாவே தெரியாமத்தான் போட்டேன், அடுத்த வாரமே நல்லாக் கத்துக்கிட்டேன்" என்றார் அந்த அம்மாள், தீயை இன்னும் கொஞ்சம் கூட்டிக்கொண்டே. "ஆனா நல்ல டீயைக் கொடுத்தா மடமடன்னு குடிச்சிட்டுப் பேப்பரை விரிச்சிடுவாரு. இதைக் கொடுத்தா, அரை மணி நேரம் என் பக்கத்துலயே உட்கார்ந்து எனக்காகத் தண்ணியோட சண்டை போடுறாரே."