மீசைக்காரன் கையில் ஒரு குழந்தை

பால் பாட்டில் வாங்க வந்த இரண்டு பேரைப் பார்த்ததுமே கடைக்கார அம்மாவுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது.

ஒருவன் மீசை. இன்னொருவன் மொட்டை. மீசைக்காரன் கையில் ஒரு கைக்குழந்தை. அரிசி மூட்டையைப் பிடிக்கிற மாதிரி பிடித்திருந்தான். அது வீல் வீலென்று கத்திக்கொண்டிருந்தது.

"பையனா, பொண்ணா?" என்று கேட்டார் அந்த அம்மா.

"பையன்" என்றான் மீசை.

"பொண்ணு" என்றான் மொட்டை.

"சரி, ஒரு வேளைக்கு எவ்வளவு குடிக்கும்?"

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "ஒரு லிட்டர் இருக்கும்" என்றான் மீசை.

சந்தேகமே இல்லை, எங்கேயோ தூக்கிக்கொண்டு வந்த குழந்தைதான். பச்சை மண்ணு. பெற்றவள் எங்கே கிடந்து கதறுகிறாளோ.

"உள்ள ஸ்டாக் இருக்கான்னு பாத்துட்டு வந்துடறேன்" என்று பின்னறைக்குப் போய் போலீசுக்கு போன் போட்டார்.

"நாங்க வர்ற வரைக்கும் எப்படியாவது பேச்சுக் கொடுத்து நிறுத்தி வைங்கம்மா" என்றார்கள்.

பேச்சுக்கா பஞ்சம்? மற்ற நாளாக இருந்தால், ஒன்றும் தெரியாமல் வருகிற அப்பாக்களின் தலையில் மட்டமான பாட்டிலைக் கட்டுவதில் அந்த அம்மா கை தேர்ந்தவர். இன்றைக்கு மனசு வரவில்லை. திருட்டுப் பயல்களிடம் மாட்டியது போதாதென்று, அந்தப் பாழாய்ப்போன பிளாஸ்டிக்கில் வேறு அந்தக் குழந்தை பால் குடிக்க வேண்டுமா? தவிர, இன்னும் கொஞ்ச நேரத்தில் கம்பி எண்ணப் போகிறவர்களிடம் எதைச் சொன்னால்தான் என்ன?

திரும்பி வந்து ஒரு பாட்டிலை எடுத்து அவர்கள் முன்னால் வைத்தார். "இது கண்ணாடி. கீழ போடாம வச்சுக்கிட்டா இதுமாதிரி வராது. பிளாஸ்டிக்தான் வேணும்னா அடியில திருப்பிப் பாருங்க. முக்கோணத்துக்குள்ள அஞ்சுன்னு இருந்தா பரவாயில்ல. ஒண்ணுமே போடலைன்னா தொடாதீங்க. சூடா பால் ஊத்தினா கண்டதும் பால்ல எறங்கும்."

மொட்டை அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்துத் திருப்பினான். "இதுல ஒண்ணும் காணோமே."

"அதை வைங்க. அது ஆகாது."

"பாதுகாப்பானதுன்னு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கே?"

அந்த அம்மா வாசலைப் பார்த்தார். போலீசைக் காணோம். பேச்சை விட்டால் கிளம்பிவிடுவார்கள்.

"அது நாங்க ஒட்டுறதுங்க. பாட்டில் தனியா வரும், ஸ்டிக்கர் தனியா வரும். இருங்க, காட்டறேன்."

பின்னறையிலிருந்து இரண்டு பெட்டிகளை இழுத்து வந்து முன்னால் வைத்தார். ஸ்டிக்கர் சுருளையும் விரித்துக் காட்டினார். யார் கொண்டு வந்து போடுகிறார்கள், வேறு எந்தெந்தக் கடைக்குப் போகிறது என்று மொட்டை கேட்கக் கேட்க, ஒன்று விடாமல் சொன்னார். மீசைக்காரன் குழந்தையைத் தட்டிக் கொடுப்பதைக்கூட மறந்து வாய் பிளந்து கேட்டான்.

ஜீப் வந்து நின்றதும் அந்த அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"இவங்கதான் சார். முதல்ல குழந்தையை வாங்குங்க."

உள்ளே வந்த சப்-இன்ஸ்பெக்டர் மீசைக்காரரைப் பார்த்தார். சட்டென்று விறைத்து நின்று ஒரு சல்யூட் வைத்தார்.

"குழந்தை பக்கத்து வீட்டுது, இந்தப் போலி பாட்டில் ரெய்டுக்காக இரவல் வாங்கிட்டு வந்தேன், நானே கொண்டுபோய் விட்டுடறேன்" என்ற மீசைக்காரர், "நீங்க இந்தப் பெட்டிகளையும் அந்த அம்மாவையும் ஜீப்புல ஏத்துங்க" என்றார்.