பத்து நிமிஷத்துக்கு ஒரு கூப்பாடு

நார்வேயின் வடகோடியில் இருக்கும் பழங்குடிப் பூங்காவில், கம்பத்து ஒலிபெருக்கிக்குக் கீழே கிழவர் ஹெய்க்கா நிற்கிறார். உள்ளிருந்து பாடுவதும் அவர்தான். பூங்காக்காரர்கள் கேட்டார்களே என்று, மகன் மாஹ்த்தே உயிரோடு இருந்தபோது அவர் பாடிப் பதிந்துகொடுத்த, அவனுடைய பாட்டு. எங்கள் சனத்தில் ஆளுக்கொரு பாட்டு உண்டு. அதைப் பாடினால் அந்த ஆளை வரச்சொல்லிக் கூப்பிட்டதாகத்தான் அர்த்தம். போன வசந்தத்தில் ஏரிப்பனி உடைந்து முழுகியவன் இன்னும் கரைக்கு வரவில்லை. பிளாஸ்டிக் கூடாரத்தில் பனிமான் கறி தின்கிற சுற்றுலாக் கும்பல் பாட்டுக்குக் கைதட்டுகிறது.

“அதை நிறுத்துடி, ரிஸ்டின்.”

“சாவி ஆபீஸ்ல இருக்கு பெரியப்பா. நான் வெறும் டிக்கெட் கிழிக்கிறவ.”

“பத்து நிமிஷத்துக்கு ஒருதடவை உன்னை இப்படிக் கூப்பிட்டா, நீ சும்மா படுத்துக் கிடப்பியா?”

அவள் குனிந்து கையுறையை இழுத்துவிட்டுக்கொள்கிறாள். கிழவர் தொப்பியைக் கழற்றி ஒலிபெருக்கியின் வாயைப் பார்த்து வீசுகிறார். அது எட்டாமல் பனியில் விழுகிறது. கும்பல் அதற்கும் கைதட்டுகிறது. பாட்டு ஓய்கிறது. பத்து நிமிஷம் கழித்துக் கரகரவென்று மறுபடி தொடங்குகிறது. நிறுத்தச்சொல்ல வந்த மனுஷன், வெறுந்தலையோடு, ஏரிப்பக்கத்து வாசலைத் திரும்பிப் பார்க்கிறார்.